கரையில் கை தட்டக் கூடாது

போன மாதம் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த உங்களோடு ஒரு நாள் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற மீன்வள ஆய்வாளர் வந்தால் ஒரு சால்வை போட்டு, முன்னால் பிஸ்கட் தட்டை வைத்து, அரை மணி நேரம் பேச விடுவார்கள். நானும் வலைக்கண் அளவு, குஞ்சு விடும் பருவம் என்று எல்லோரும் சொல்வதையே சொன்னேன். பாதிப் பேர் தூங்கினீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், எனக்கே தூக்கம் வந்தது.

முடிகிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அரியலூர் பக்கத்து ஏரி ஒன்றின் கரையில் இருக்கும் விதிப் பலகையைப் பற்றிக் கேட்டார். ஈட்டியால் மீன் பிடிப்பதற்கான விதிகள் அதில் வரிசையாக எழுதியிருக்கும். கடைசி வரி இது: ‘மீன் குத்துபவர் தண்ணீருக்குள் இருக்கும்போது கரையில் யாரும் கை தட்டக் கூடாது.’ இது யார் எழுதிய ஜோக் மேடம் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். தூங்கியவர்களும் விழித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

அதை எழுதியவள் நான்தான். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். சத்தத்தில் மீன் ஓடிவிடும் என்பதற்காக எழுதியிருப்பார்கள் என்று உங்களில் ஒருவர் படியிறங்கும்போது விளக்கம் சொன்னது காதில் விழுந்தது. மீனுக்காக எழுதிய விதி இல்லை அது. வேலையை விட்டு வந்து இத்தனை காலம் ஆனாலும் அந்த ஏரியை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஆனாலும் இதை நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். நாளைக்கு உங்கள் மேஜைக்கும் விதி இல்லாத விஷயம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்கள்.

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாவதற்குக் கொஞ்சம் முந்தைய வருடங்கள் அவை. மாவட்டத்தைப் பிரிப்பார்கள், சேர்ப்பார்கள். எங்கள் ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்பு மட்டும் மாறிக்கொண்டிருக்கும். நான் பெரம்பலூரில் இருந்தேன். எந்த ஏரிக்கும் பஸ்ஸில்தான் போக வேண்டும். இறங்கி, சிமென்ட் லாரி கிளப்பும் புழுதியில் நடந்து, கரையேறுவதற்குள் புடவையின் நிறமே மாறிப்போகும்.

நான் சொல்லும் ஏரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், இன்னமும் அங்கேயே வாழ்கிறவர்கள். ஏரிக்குள் ஒரு காலத்தில் கருவேல மரம் வளர்த்தார்கள். தண்ணீர் இல்லாத வருடங்களில் மரத்தை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் அடியோடு வெட்டாமல் இடுப்பு உயரத்துக்குக் கட்டைகளை விட்டுவிட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு ஐப்பசியில் பேய்மழை பெய்து ஏரி நிரம்பியது. கட்டைகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் போயின. வலையை வீசினால் கிழிந்துதான் வரும்.

அதே வெள்ளத்தில் இன்னொன்றும் வந்து சேர்ந்தது. மேலே எங்கோ யாரோ திருட்டுத்தனமாகக் குளத்தில் வளர்த்த ஆப்பிரிக்கக் கெளுத்தி, கரை உடைந்து ஏரிக்குள் புகுந்துவிட்டது. வளர்க்கக் கூடாது என்று தடை போட்ட மீன் அது. ஊரார் பேய்க்கெளுத்தி என்றார்கள். அந்த ஊர் மீன்பிடிச் சங்கம் ஏரியைக் குத்தகைக்கு எடுத்து, கடன் உடன் வாங்கி விட்ட கட்லா, ரோகு குஞ்சுகளை அது தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. வலை போட வழியில்லை, தூண்டிலில் மாட்டினால் நரம்பை அறுத்துக்கொண்டு போகிறது. சங்கத் தலைவர் தங்கராசு, நெல்லும் முந்திரியும் போடுகிற சம்சாரி, என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்து கையைப் பிசைவார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு நாள் அவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் சாதிக். முப்பது வயது இருக்கும். வளைகுடாவில் படகுகளுக்கு அடியில் முங்கிப் பாசி சுரண்டுகிற வேலை பார்த்தவர். லீவு நாட்களில் அங்கே கடலில் முங்கி ஈட்டியால் மீன் குத்தப் பழகியிருக்கிறார். விசா முடிந்து ஊர் திரும்பியவருக்குத் திரும்பிப் போக மனசில்லை. ஊரிலேயே ஒரு லேத் பட்டறையில் இரும்புக் கம்பியைத் தீட்டி ஈட்டி செய்துகொண்டார். தேக்குக் கட்டையில் பள்ளம் இழைத்து, சைக்கிள் ட்யூபை இழுத்து மாட்டி, விசையைத் தட்டினால் ஈட்டி பாய்கிற மாதிரி ஒரு சாமான் தயார் பண்ணியிருந்தார். ஏரியில் முங்கிப் பேய்க்கெளுத்தியை மட்டும் தேடிக் குத்துகிறேன், சங்கத்துக்குப் பாதி எனக்குப் பாதி, அனுமதி கொடுங்கள் என்றார்.

நம் விதிகளில் வெடி கூடாது என்று இருக்கிறது, விஷம் கூடாது என்று இருக்கிறது. நல்ல தண்ணீர் ஏரியில் முங்கி ஈட்டியால் குத்துவதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மேலே எழுதிக் கேட்டேன். ‘உரிய விதிகளின்படி நடவடிக்கை எடுக்கவும்’ என்று பதில் வந்தது. இல்லாத விதியின்படி எப்படி நடவடிக்கை எடுப்பது என்று திருப்பிக் கேட்கிற அளவுக்கு எனக்கு அன்றைக்குத் தைரியம் இல்லை. உங்களுக்கும் இப்படிப் பதில் வரும், பழகிக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்று சொல்லிக் கோப்பை மூடியிருக்கலாம். மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் பல பேர் என்னிடம் கேட்டார்கள். அவர் அனுமதி இல்லாமலே இறங்கியிருப்பார். லப்பைக்குடிக்காட்டில் வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டில் இருப்பது வழக்கம். திரும்பி வந்து ஊரில் தங்கிவிட்ட ஆணைக் கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் எப்போது பயணம் என்றுதான் முதலில் கேட்பார்கள். சாதிக் அதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்கு எட்டாது. கல்யாணமாகிப் பல வருடம், மனைவியோடு சேர்ந்து இருந்தது சில மாதங்கள்தான். இங்கேயே ஒரு பிழைப்பு அமைந்தால் போதும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

விதி இல்லையென்றால் செய்துகொள்வோம் என்று உட்கார்ந்தோம். சங்கத்துக் கொட்டகையில் அவரும் நானும் தங்கராசுவும் பேசிப் பேசி எழுதினோம். தை மாசியில் தண்ணீர் தெளிந்த பிறகுதான் இறங்க வேண்டும், கலங்கலில் கூடாது. பெண்கள் துணி துவைக்கிற துறைப் பக்கம் போகவே கூடாது. மதகு திறந்திருந்தால் அந்தப் பக்கம் கூடாது. முழுசாகக் கண்ணுக்குத் தெரியாத எதன் மேலும் ஈட்டி விடக் கூடாது. தனியாக இறங்கக் கூடாது. லாரி ட்யூபில் ஒரு துணையாள் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருக்க வேண்டும். குஞ்சுகளோடு திரியும் விராலைக் குத்தக் கூடாது என்பதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். தாய் தகப்பன் இரண்டும் காவல் நிற்கும், ஆள் கிட்டப் போனாலும் நகராது, அதைக் குத்துவது கொலை என்றார்.

கயிற்றைப் பற்றிய விதியும் அவர் சொன்னதுதான். ஈட்டியின் வால் பக்கத்தில் ஒரு நைலான் கயிறு. அதன் மறுமுனையில் ஒரு காலி பிளாஸ்டிக் கேன், கேனில் சிவப்புத் துணி. ஈட்டி பட்ட மீன் ஓடும்போது கேனையும் இழுத்துக்கொண்டு ஓடும். குத்தியவர் மேலே வந்து கேனைப் பின்தொடர்ந்தால் போதும். கயிற்றை உடம்பில் எங்கேயும் சுற்றக் கூடாது. அங்கே கடலில் என்னோடு பழகிய ஒருவரை இப்படித்தான் இழந்தேன் என்று சொல்லி, நான் எழுதிய வரிக்கு அடியில் விரலை வைத்து அழுத்திக் காட்டினார். துணையாளாகக் கலியன் என்று ஒருவரைப் போட்டோம். அந்த ஊர்க்காரர், நன்றாக நீந்துவார், வெகுளி.

முதல் இரண்டு வாரம் சரியாகத்தான் போயிற்று. ஒரு ஆள் கை நீளத்துக்குக் கெளுத்திகள் வெளியே வந்தன. தங்கராசுவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. அந்த ஊரில் நாடகம் இல்லை, சினிமாக் கொட்டகை மூடிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கரை நிறைய ஆள் நிற்பார்கள். தண்ணீருக்குள் நடப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிவது கேன் மட்டும்தான். கேன் சும்மா மிதந்துகொண்டிருக்கும், சட்டென்று துள்ளும், மீன் மாட்டிவிட்டது என்று அர்த்தம். துள்ளினால் கை தட்டுவார்கள். பெரிதாகத் துள்ளினால் பெரிதாகத் தட்டுவார்கள். சாதிக் மேலே தலையைத் தூக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கரையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். நான் இருந்த ஒரு நாள் அந்த முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். பிழைக்கப் போன இடத்தில் படகுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் வேலை செய்தவருக்கு ஒரு ஊரே கரையில் நின்று கை தட்டியது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலை செய்கிறவரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதும் ஆபத்தில் சேர்த்தி. தண்ணீரின் ஆழத்தையும் கட்டைகளையும் நாம் கணக்கில் எடுத்தோம். கரையில் நிற்கும் கூட்டம் நமக்குக் கணக்கிலேயே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கெளுத்தி ஒன்று ஈட்டியோடு கட்டைகளுக்குள் ஓடிவிட்டது. கேன் ஒரு கட்டையில் சிக்கி, கயிறு அறுந்து, மீனும் போயிற்று ஈட்டியும் போயிற்று. கரையில் இருந்தவர்கள் ஐயோ என்று உச்சுக் கொட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். அதில் வன்மம் ஒன்றும் இல்லை, நாம் கிரிக்கெட்டில் கேட்சை விட்டவனைப் பார்த்துச் சிரிப்பது போலத்தான். ஆனால் சாதிக்குக்கு அது தாங்கவில்லை. அடுத்த ஈட்டி செய்து வந்ததிலிருந்து கயிற்றின் நடுவில் ஒரு சுருக்குப் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். மீன் கட்டைக்குள் ஓடாமல் தன் உடம்பாலேயே இழுத்துப் பிடிக்கலாம் என்று நினைத்திருக்கிறார். கலியனிடம் மட்டும் சொல்லி, மேடத்துக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை.

அந்த நாளுக்கு வருகிறேன். ஊரில் ஒரு காதுகுத்து. வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். எங்க ஊர் ஏரியில ஒரு ஆளு முங்கிக் குத்துறாரு பாருங்க என்று அவர்களையும் கரைக்குக் கூட்டி வந்திருந்தார்கள். எனக்கு அன்று லீவு நாள்தான். வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனவள் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பஸ்ஸை விட்டு இறங்கினேன். கரை இன்னும் கண்ணில் படவில்லை, அதற்குள் கை தட்டல் கேட்டது. அவ்வளவு பெரிய கை தட்டலை அதற்கு முன்னால் அங்கே கேட்டதில்லை. இன்றைக்குப் பெரிய மீன் என்று நினைத்து, வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானும் சிரித்துக்கொண்டேதான் கரையேறினேன்.

கேன் துள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் போவதும் மேலே வருவதுமாக, விட்டு விட்டு, வேகமாக. விருந்தாளிகளில் சிலர் விசிலடித்தார்கள். கலியன் லாரி ட்யூபோடு கரையில் நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் முன்னால் பிடித்த கெளுத்தியை விருந்தாளிகளுக்குத் தூக்கிக் காட்டச் சொன்னார்களாம். காட்டிக்கொண்டிருந்தார்.

மீன் இழுத்தால் கேன் ஓடும். வலப்பக்கமோ இடப்பக்கமோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடும். இந்தக் கேன் ஓடவில்லை. ஒரே இடத்தில் நின்று துள்ளியது.

கத்தினேன். எனக்கு நல்ல தொண்டை, ஆபீஸில் என் குரலுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. அன்றைக்கு அது யாருக்கும் கேட்கவில்லை. கை தட்டலில் அமுங்கிப்போனது. பக்கத்தில் தங்கராசு தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தினேன். ஒரு பெண் அதிகாரி கையைப் பிடித்துவிட்டாளே என்று திகைத்துப் பார்த்தார்.

“மீன் இல்லைங்க, ஆளு” என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு அவர் கத்தினார். கை தட்டல் ஒரு ஓரத்திலிருந்து நிற்க ஆரம்பித்தது. மறு ஓரத்தில் விஷயம் தெரியாமல் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். கலியன் கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தார். அவர் பின்னால் நாலைந்து பேர் பாய்ந்தார்கள். கேனை எட்டியதும் எல்லோரும் சேர்ந்து கயிற்றைப் பிடித்து மேலே இழுக்க ஆரம்பித்தார்கள். கிணற்றில் விழுந்தவரைத் தூக்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள், அவர்கள் செய்ததில் தப்பே இல்லை. ஆனால் கீழே என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அந்த நேரத்தில் படம் போல் தெரிந்தது. அடிபட்ட மீன் கட்டையைச் சுற்றியிருக்கிறது. கயிறு கட்டையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஆள் மாட்டியிருக்கிறார். மேலிருந்து இழுக்க இழுக்கக் கயிறு அவர்மேல் இறுகும்.

இழுக்காதீர்கள், அறுங்கள் என்று கத்தினேன். அறுக்க அவர்கள் யாரிடமும் ஒன்றும் இல்லை. ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கையிலிருந்து கதிரரிவாளைப் பிடுங்கி ஒருவர் நீந்திக் கொண்டுபோனார். கலியன் அதை வாங்கிக்கொண்டு முங்கினார். ஒரு தடவை மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முங்கினார். கேன் அதற்குள் துள்ளுவதை நிறுத்திவிட்டிருந்தது. கரையில் ஒரு சத்தம் இல்லை. அத்தனை பேர் நின்ற இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம்.

கொண்டுவந்து கரையில் போட்டோம். எனக்குத் தெரிந்த முதலுதவியை எல்லாம் செய்தேன். கை ஓய்கிற வரைக்கும் நெஞ்சை அழுத்தினேன். அந்த வழியாக வந்த ஒரு லோடு வண்டியில் ஏற்றி அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போதே எனக்குத் தெரியும். இடுப்பில் சுருக்கு இறுகிய தடம் கயிற்றின் முறுக்கு உட்பட அப்படியே இருந்தது. அறுபட்ட கயிற்றின் மறுமுனையில், ஏரிக்குள், அந்தக் கெளுத்தி இன்னும் உயிரோடு இருந்ததாம். மறுநாள் தங்கராசு ஆள் விட்டு அதைக் குத்தி எடுத்து, யாருக்கும் கொடுக்காமல் குழி தோண்டிப் புதைத்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார். அவராகவே இறங்கினார் என்று சொல்லிவிடலாமா மேடம் என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். அனுமதி நான் கொடுத்தது, நிபந்தனைகளோடு கொடுத்தது என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு மெமோ வந்தது, விசாரணை வந்தது, போயிற்று. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. கலியன்தான் உடைந்துபோனார். மீனைத் தூக்கிக் காட்டிய கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். பிறகு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் போல் கழித்து லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெரியவர் ஆபீஸுக்கு வந்தார். சாதிக்கின் மனைவி நூர்ஜஹான் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். புருஷனை இழந்த பெண் இத்தாவில் இருக்கிறார், இந்த நாட்களில் வெளி ஆண்கள் யாரையும் பார்க்க மாட்டார், நீங்கள் பொம்பளை அதிகாரி என்பதால் கேட்கிறோம் என்றார் அவர். பயமாகத்தான் இருந்தது. திட்டுவதற்காகக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு பண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வளைகுடாப் பணத்தில் கட்டிய வீடு. மேல்மாடிக்குப் போட்ட கம்பிகள் மொட்டையாக வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. உள் அறையில் நூர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட எவ்வளவோ சின்னப் பெண். டீ கொடுக்கச் சொன்னார். அழவில்லை. அழுது முடித்த முகம் அது. திட்டவும் இல்லை. எனக்கு வேலையில் ஏதும் கஷ்டம் வந்துவிட்டதா என்று முதலில் அதைத்தான் கேட்டார். இல்லை என்றேன்.

டீ வந்தது. பிறகு அவர் தொடங்கினார்.

“ராத்திரி சோறு திங்க உக்காந்தா அதத்தான் மேடம் சொல்லுவாரு. நூரு, ஒரு ஊரே கரையில நின்னு எனக்குக் கை தட்டுது, நீ வந்து பாக்கணும்பாரு. இந்தா வரேன் வரேன்னு நானுந்தான் சொல்லிட்டே இருந்தேன். போகல.”

நான் தலையாட்டினேன்.

“அன்னைக்கும் தட்டுனாங்களாமே.”

“ஆமாம்மா.”

கீழே விரித்திருந்த பாயின் ஓரத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார். அடுத்ததைக் கேட்பதற்காகத்தான் என்னை வரச் சொன்னார் என்று அந்தக் கையைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“தண்ணிக்குள்ள அவருக்கு அது கேட்டிருக்குமா மேடம்?”

எனக்குப் பதில் தெரியாது. ஏரி, குளம், மீன் என்று எல்லாம் படித்து, அதிலேயே தலை நரைத்தவளுக்கு அது தெரியவில்லை. ஆனால் அந்த இடத்தில் தெரியாது என்று சொல்ல முடியாது. கேட்டிருக்காதும்மா, தண்ணிக்குள்ள வெளிச்சத்தம் ஒண்ணும் கேக்காது என்று நிச்சயமாகச் சொன்னேன். ஆபீஸில் உத்தரவு போடுகிற குரலில் சொன்னேன்.

நூர் ஒரு பெருமூச்சு விட்டார்.

“அப்ப சரிங்க. கேட்டிருந்தா, நம்மளப் பாத்துட்டாங்க, இந்தா வந்துருவாங்கன்னு நெனச்சிருப்பாரு. நம்பிக்கிட்டே இருந்திருப்பாரு. அதான் மேடம் எனக்குத் தூக்கமே வரல.”

அதற்கு மேல் எனக்கு அங்கே உட்காரத் தெரியவில்லை. அவர் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பெரம்பலூர் வரைக்கும் அழுதேன்.

ஏரியில் ஈட்டியைத் தடை செய்துவிடலாம் என்றுதான் மேலே நினைத்தார்கள். தடை செய்தால் திருட்டுத்தனமாக இறங்குவார்கள், துணையாள்கூட இருக்க மாட்டார் என்று நான் வாதாடினேன். கடைசியில் விதிகளைப் பலகையில் எழுதி வைக்க ஒத்துக்கொண்டார்கள். நானும் சாதிக்கும் கொட்டகையில் உட்கார்ந்து எழுதியவைதான் அவை, ஒன்றுகூட மாற்றவில்லை. துணையாள் எக்காரணம் கொண்டும் கரைக்கு வரக் கூடாது என்று ஒன்றைச் சேர்த்தேன். சிக்கினால் கயிற்றை இழுக்கக் கூடாது, அறுக்க வேண்டும், துணையாள் இடுப்பில் அரிவாள் இருக்க வேண்டும் என்று இன்னொன்று. கடைசி வரியை மட்டும் எழுதலாமா வேண்டாமா என்று எனக்கே குழப்பமாக இருந்தது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அன்றைக்கே தெரியும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வருகிறது என்று பின்னால் ஆடிட்டில்கூடக் கேட்டார்கள்.

பலகை நடுகிற இடத்தைப் பார்க்கப் போன அன்று ஏரியில் வேறு ஆள் இல்லை. கூட வந்த எங்கள் துறைக் காவலரைக் கரைமேல் நிற்கச் சொன்னேன். நான் முங்கினதும் கை தட்டுங்கள், நிறுத்தாமல் தட்டுங்கள் என்றேன். மேடத்துக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு துறையில் இறங்கி, கழுத்தளவுக்குப் போய், மூச்சைப் பிடித்து முங்கினேன்.

முதலில் என் நெஞ்சு அடிப்பது மட்டும்தான் கேட்டது. பிறகு அதுவும் கேட்டது. மெல்லிசாக, தூரத்துத் துறையில் யாரோ துணி அடிக்கிற மாதிரி. ஆனால் கை தட்டல்தான் அது, சந்தேகம் இல்லை. அதுவும் ஒரே ஒரு ஆள் தட்டியது.

ஈரப் புடவையோடு கரையில் உட்கார்ந்து அந்தக் கடைசி வரியை எழுதினேன். பலகைக்கு மறுபடி பெயின்ட் அடிக்கிற நாள் வந்தால் அதை விட்டுவிடாதீர்கள். நூர்ஜஹான் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார். பஸ்ஸிலோ கடைத்தெருவிலோ நீங்கள் பார்க்க நேரலாம், மீன்வளத்துறை என்று தெரிந்தால் அவரே வந்து பேசுவார். என்னிடம் கேட்டதை உங்களிடமும் கேட்டால், தண்ணீருக்குள் ஒன்றும் கேட்காது என்று சொல்லுங்கள்.